மூன்று சுழிக்கு இடம் விடுங்கள்

வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு. வேலூர் வட்டாரத் தோல் நகரங்களின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஓர் எழுத்து திரும்பத் திரும்பத் தலைகாட்டும். அங்கே தைப்பது காலணி. உண்பது பிரியாணி. பச்சைத் தோலிலிருந்து மயிரைக் களைய ஊறப்போடுவது சுண்ணாம்பில். எல்லாவற்றிலும் ண இருக்கிறது. ஆம்பூரின் பெயரில் மட்டும் அது இல்லை. ஆனால் பிரியாணிக்கும் காலணிக்கும் அந்த ஊர்தான் தலைநகரம் என்பதால் கணக்கு நேராகிவிடுகிறது.

பள்ளிக்கூடத்தில் இதற்கு 'மூன்று சுழி ண' என்று பெயர். ன என்றால் 'இரண்டு சுழி'. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுழி. அந்தச் சுழிதான் இன்று சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரப் பலகைகளில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. உணவகம், ஷூக் கடை, பேக்கரி எதுவானாலும் தடித்த, முனை மழுங்கிய, வட்டத்தையும் நேர்கோட்டையும் கொண்டு கட்டிய எழுத்துக்குத்தான் மவுசு. குண்டுக் குழந்தையின் கை மாதிரி இருக்கும் அந்த எழுத்து. எழுத்துரு மோசம் என்பதல்ல புகார். உண்மையில் இந்த வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து வேறில்லை. அதை மாட்டுகிற விதம்தான் கெட்டுக்கிடக்கிறது.

உருண்டை முனை எழுத்து அழகுக்காக மட்டும் பிறந்ததல்ல. பட்டறையில் கருவி கொடுத்த வடிவம் அது. சுழலும் வெட்டுமுனையால் உலோகத்தில் ஓர் எழுத்தைக் குடைந்தால் கோட்டின் தொடக்கமும் முடிவும் தானாகவே அரைவட்டமாகும். உள்மூலை எவ்வளவு முயன்றாலும் அந்த முனையின் ஆரத்தைவிடக் கூர்மையாக வராது. நியான் விளக்குக்காகக் கண்ணாடிக் குழாயை வளைத்தவர்களுக்கும் அப்படித்தான்: கோடு முழுக்க ஒரே தடிமன், திருப்பங்களில் வளைவு. ஜப்பானில் 'மாரு காதிக்' என்னும் உருண்டை வகையைச் சாலைப் பலகைகளில் பார்க்கலாம். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் தன் விற்பனையகங்களுக்காக உருவாக்கி 1979ல் வெளிவந்த 'வி.ஏ.ஜி. ரவுண்டட்' பிற்பாடு ஆப்பிள் கணினிகளின் விசைகள்வரை ஏறி உட்கார்ந்தது. எங்கும் ஓட வேண்டிய எழுத்து, எவர் கையில் கிடைத்தாலும் அதிகம் கெடாத எழுத்து என்பதுதான் இந்த வகையின் பலம்.

ஷூத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சோல் வார்க்கும் அலுமினிய அச்சில் அளவு எண்ணும் நிறுவனப் பெயரும் குடைவது அதே சுழலும் முனைதான். உள்ளே குதிகால் பட்டையில் பொன்னிறத்தில் பெயர் பதிக்கும்போது சூடேறிய 'டை' என்னும் உலோக அச்சு தோலின்மேல் அழுந்துகிறது. எழுத்தில் கூர்மூலை இருந்தால் அங்கே அழுத்தம் குவிந்து தோல் கீறிக்கொள்ளும். கோடு மெலிந்திருந்தால் தோலின் மயிர்க்கண்களுக்கிடையில் காணாமல் போகும். சுழி நெருங்கியிருந்தால் பூச்சு வழிந்து அடைத்துக்கொள்ளும். தடிப்பாக, மழுங்கலாக, நடுவில் வெளி விட்டு எழுது என்று தோலே சொல்கிறது. அடிடாஸ் பெயரெழுத்தைப் பாருங்கள். 1970ல் ஹெர்ப் லூபலின் கூட்டணி வெளியிட்ட 'அவான்ட் கார்ட் காதிக்' வகையை ஒட்டியது அது. ஏறக்குறைய ஒரே வட்டம், பக்கத்தில் ஒரு குச்சி. அவ்வளவில் பாதிப் பெயர் முடிந்துவிடுகிறது. தோலிலும் துணியிலும் ரப்பரிலும் ஒன்றுபோல உட்காருவதற்கு அந்த எளிமைதான் காரணம்.

பலகைக்கு வருவோம். நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் ஓடிவிடுகிறது. 150 மீட்டர் தொலைவில் ஒரு பெயர் கண்ணுக்குத் தட்டுப்பட்டாலும் ஐந்து நொடிக்குமேல் அதற்கு வாழ்வில்லை. அதற்குள் ஓட்டுநர் படிக்க வேண்டும், பசிக்கிறதா என்று பின்னால் கேட்க வேண்டும், இடது ஓரத்துக்கு வர வேண்டும். இரவானால் எல்.இ.டி. பொருத்திய அக்ரிலிக் எழுத்து. உள்ளே விளக்குத் துண்டுகள் அடங்குவதற்கே கோடு தடித்திருந்தாக வேண்டும். எழுத்தின் விளிம்பைச் சுற்றித் தகட்டை வளைக்கிறவருக்குக் கூர்மூலை என்பது வெட்டி மடித்து ஒட்டும் கூடுதல் வேலை. வளைவு என்றால் ஒரே இழுப்பு. ஆக கண்ணும் கையும் கூலியும் சேர்ந்து தேர்ந்தெடுத்ததுதான் உருண்டைத் தடி எழுத்து.

தமிழுக்கு இது ஒட்டுமா என்று சிலர் இழுப்பார்கள். நம் எழுத்தே வட்டெழுத்து மரபு, ஓலையில் எழுத்தாணி நேர்கோடு போட்டால் நார் வழியே கிழிந்துவிடும், அதனால்தான் எல்லாம் வளைவு என்று ஒரு விளக்கம் நெடுங்காலமாக உலவுகிறது. பாதிதான் சரி. ப, ட, ம, ங எல்லாம் கொத்தனார் கட்டிய சுவர்கள்போல் செங்குத்தாக நிற்கின்றனவே. மலையாளமும் ஒடியாவும் உருண்ட அளவுக்குத் தமிழ் உருளவில்லை. ஒரே சொல்லில் பெட்டியும் சுழியும் அக்கம்பக்கமாக நிற்பதுதான் தமிழின் முகம். மூலையை மழுக்கும் உருண்டை எழுத்துரு இந்த இரண்டு சாதிகளையும் பந்தியில் சேர்த்து உட்கார வைக்கிறது. ப-வின் மூலை கொஞ்சம் இளகுகிறது, ல-வின் சுழி கொஞ்சம் நிமிர்கிறது.

நல்ல உதாரணம் இலவசமாகவே கிடக்கிறது. மும்பையின் ஏக் டைப் குழு 2010களின் நடுவில் 'பாலூ' என்ற தடித்த, கொழுகொழு எழுத்துருக் குடும்பத்தை வெளியிட்டது. பாலூ என்றால் கரடி. ஒவ்வொரு மொழிக்கும் ஓர் உறவுமுறை சேர்த்தார்கள். தமிழுக்கு 'பாலூ தம்பி', தெலுங்குக்கு 'பாலூ தம்முடு', மலையாளத்துக்கு 'பாலூ சேட்டன்', உருதுவுக்கு 'பாலூ பாய்ஜான்'. ஆம்பூர் கடைத்தெருவை மனத்தில் வைத்துத்தான் பெயர் சூட்டினார்களோ என்று தோன்றும். தமிழும் உருதுவும் ஒரே தெருவில் புழங்கி, ஆந்திர எல்லையும் அருகில் இருக்கும் வட்டாரத்தில் தம்பி, தம்முடு, பாய்ஜான் மூவரும் ஒரே பலகையில் நிற்கத் தகுந்தவர்கள்தானே. தமிழ் வடிவத்தைச் செய்தவர் ஆதர்ஷ் ராஜன். பிரேசில் நாட்டு மார்செலோ மகல்யாயிஸ் வரைந்த 'காய்னி' என்ற இன்னொரு உருண்டை எழுத்துருவிலும் தமிழ் உண்டு. இரண்டையும் எவரும் காசில்லாமல் இறக்கி வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

பாலூ தம்பியில் ஒரு ண-வைப் பெரிதாக்கிப் பார்த்தால் வேலையின் நுணுக்கம் புரியும். ப-வுக்குக் கொடுக்கும் அதே தடிமனை ண-வுக்குக் கொடுத்தால் உள்ளே வெளிச்சம் நுழையாது. சுழிகள் கறுப்புப் பொட்டுகளாகிவிடும். அதனால் நெரிசலான எழுத்துகளில் கோடு சற்று மெலியும், எழுத்து சற்று அகலும். படுக்கைக் கோடு செங்குத்துக் கோட்டைவிட ஒரு மயிரிழை மெல்லியதாக இருக்கும். இல்லாவிட்டால் கண் அதைத் தடிப்பாகக் காணும். எல்லா எழுத்தும் ஒரே தடிமனாகத் தெரிய வேண்டுமானால் எல்லாம் ஒரே தடிமனாக இருக்கக் கூடாது. 1927ல் பவுல் ரென்னர் 'ஃப்யூச்சுரா'வை வட்டமும் முக்கோணமுமாக வெளியிட்டபோதும் கவராயம் வரைந்த வட்டத்தை அப்படியே வைக்கவில்லை; கண்ணுக்குத் தகுந்தபடி ஆங்காங்கே திருத்தினார்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த எழுத்து பலகைக் கடைக்குப் போனதும் என்ன ஆகிறது? உரிமையாளர் பத்தடிப் பலகை கேட்டிருப்பார், பெயரோ நீளம். கோரல்டிரா மென்பொருளில் எழுத்தின் பக்கவாட்டுப் பிடியைப் பிடித்து உள்ளே ஒரு தள்ளு. பெயர் பலகைக்குள் அடங்கிவிட்டது. ஆனால் எழுத்தை 60 சதவீதத்துக்கு நசுக்கினால் செங்குத்துக் கோடுகள் 60 சதவீதமாக மெலியும், படுக்கைக் கோடுகள் அப்படியே தடித்திருக்கும். வட்டம் முட்டையாகும், அரைவட்ட முனை கூம்பும். பழைய பாணி எழுத்து இந்தக் கொடுமையை ஓரளவு மறைத்துக்கொள்ளும். வட்டத்தால் கட்டிய எழுத்துக்கு அந்த வழி இல்லை. வட்டம் எப்படி இருக்கும் என்று எல்லாக் கண்ணுக்கும் தெரியும். கோணினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். முதலில் சாவது மூன்று சுழிதான். 'பிரியாணி'யின் கடைசி எழுத்து தூரத்திலிருந்து ஓர் இருட்டுத் திட்டு.

காலணி தைக்கும் ஊரில் இது நடப்பதுதான் வேடிக்கை. 7ஆம் எண் ஷூவைக் கணினியில் இழுத்து 9ஆம் எண் ஆக்க முடியாது என்பது ஆம்பூரில் 'லாஸ்ட்' என்னும் பாத அச்சைத் தொட்டுப் பார்த்த எவருக்கும் தெரியும். ஆங்கில அளவில் ஓர் எண் கூடினால் நீளம் ஓர் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கு 6.67 மில்லிமீட்டர். பாதச் சுற்றளவுக்கு வேறு கணக்கு. சோல் தடிமன் அநேகமாக மாறாது. ஓரத்துத் தையல் விளிம்பு எந்த எண்ணுக்கும் ஒன்றுதான். அகலப் பாதக்காரருக்கு நீள ஷூவை விற்கும் கடைக்காரர் மறுநாள் திட்டு வாங்குவார். அத்தனை கணக்கும் தெரிந்த முதலாளி தன் கடைப் பெயரை மட்டும் நசுக்கிய எழுத்தில் மாட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்.

பலகைக் கடைக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிய வேலையில் எழுத்துக்குத் தனிக் கூலி கிடையாது. அவர் கணினியிலுள்ள பழைய மென்பொருளுக்கு ஒருங்குறித் தமிழ் புரியாது. 'பே' என்று அடித்தால் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அதனால் ஒருங்குறிக்கு முந்தைய பழைய எழுத்துருக்களோடேயே காலத்தை ஓட்டுகிறார். தூரிகை பிடித்த பெயிண்டர் காலத்தில் இடம் குறைந்தால் எழுத்தை ஒடுக்கி எழுதினாலும் கோட்டின் தடிமனைக் கை காப்பாற்றிவிடும். சுழி நெரிந்தால் கண் சொல்லும், தூரிகை விலகும். சுட்டிக்கு அந்தக் கண் இல்லை.

அந்தக் கண்ணைக் கணினிக்குள் வைத்துத் தரும் எழுத்துருக்களும் வந்துவிட்டன. அதே ஏக் டைப் 2022ல் வெளியிட்ட 'அனேக்' குடும்பத்தில் தமிழுக்கும் அகலத்தைக் கூட்டிக் குறைக்க வசதி உண்டு. ஒடுங்கிய வடிவத்தைத் தனியாக வரைந்திருக்கிறார்கள்; நசுக்கியது அல்ல. ஒடுக்கினாலும் கோடு தன் தடிமனில் நிற்கும், சுழிக்குள் வெளி இருக்கும். லாஸ்ட்டுக்கு அகல எண் இருப்பது மாதிரிதான் இது. அனேக் முழு உருண்டை அல்ல என்பது உண்மை. இந்த வசதியோடு முனை மழுங்கிய ஒரு தமிழ் எழுத்துருவுக்கு யாராவது பணம் போட வேண்டும். ஏற்றுமதி செய்து பழகிய ஒரு வட்டாரத்துக்கு அது பெரிய செலவாக இருக்காது.

பழைய கணக்கு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1978ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது 13 எழுத்துகள் மாறின. அதற்குமுன் 'சென்னை', 'ஆலை', 'விலை' ஆகியவற்றின் ஐகாரம் யானைத் துதிக்கைபோல் எழுத்தின் தலைக்குமேல் சுருண்டு கிடந்தது. ணா, றா, னா மூன்றும் கால் வாங்காமல் ஒட்டுருவாக வளைந்து நின்றன. பேரணாம்பட்டின் நடுவே இருக்கும் ணா அப்படிப்பட்டது. சீர்திருத்தத்துக்குப்பின் எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. அச்சுக்கோப்பவருக்கும் பிள்ளைகளுக்கும் சுமை குறைந்தது. ஒரே கால், ஒரே கொம்பு எங்கும் பொருந்துவதால் வட்டம்-கோடு எழுத்துரு செய்கிறவருக்கும் வேலை சுலபம். விலையாகக் கொடுத்தது அகலம். துதிக்கை தூக்கி நின்ற எழுத்து தரையில் கால் பரப்பியது. பலகையில் இடம் போதாமல் போனதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. சீர்திருத்தம் தவறு என்று இதற்குப் பொருளில்லை. அந்தக் கூடுதல் அகலத்தைக் கணக்கில் வைத்துப் பலகை அளவெடுக்க நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான்.

அரசின் பலகை விதியும் இதே இடத்தில் வழுக்குகிறது. பெயர்ப் பலகையில் தமிழுக்கு முதலிடம், மூன்று மொழியானால் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதம் என்று தமிழக அரசு வலியுறுத்தி வருகிறது. நோக்கம் சரியானது. ஆனால் அளவுகோல் பரப்பை மட்டும் அளக்கிறது. பலகையில் பாதியைத் தமிழுக்குக் கொடுத்துவிட்டு அதில் நசுங்கிப்போன, புள்ளி ஒட்டிப்போன எழுத்தை நிரப்பினாலும் விதி திருப்தியடைந்துவிடும். கீழே மூன்று பங்கில் ஆங்கிலம் ஒழுங்காக, காற்றோட்டமாக உட்கார்ந்திருக்கும். வழிப்போக்கர் கண் எதைப் படிக்கும்? ஐந்து பங்கு கிடைத்தும் தோற்கிற மொழியைப் பார்க்கும்போது விகிதத்தின்மேல் கோபம் வருவதில்லை, சிரிப்புதான் வருகிறது.

உருதுவுக்கு வேறு சிக்கல். ஆம்பூர், வாணியம்பாடிப் பெரியவர்கள் படித்துப் பழகியது சரிவாக இறங்கிவரும் நஸ்தலீக் எழுத்து. தடிப்பும் மெலிவும் மாறி மாறி வருவதுதான் அதன் உயிர். பாய்ஜான் எழுத்துரு அந்தச் சரிவை விட்டுவிட்டு ஒரே தளத்தில் நடக்கிறது. படிக்க முடியும், ஆனால் சொந்த எழுத்தைப் பார்த்த மகிழ்ச்சி இருக்காது. மூன்று மொழியும் ஒரே எழுத்துருக் குடும்பமாக இருக்க வேண்டும் என்ற வடிவமைப்பாளர் ஆசையை இங்கே விட்டுக்கொடுப்பதே நல்லது. தம்பி கொழுகொழு என்று இருக்கட்டும், பாய் தன் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

தோல் கழிவால் பாலாறு கெட்டுக்கிடக்கும்போது எழுத்தின் சுழி பற்றி என்ன பேச்சு என்று ஒரு வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்துக்குள் உறுதியாக நிறுத்தியது இந்த மண்ணின் துயரத்தை வைத்துத்தான். ஆனால் எழுத்து கடைப் பலகையோடு முடிவதில்லை. தோல் பதனிடும் ஆலையில் மயிர் களையச் சுண்ணாம்போடு சேர்ப்பது சோடியம் சல்பைடு. அந்தக் கழிவோடு அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். மூடிய தொட்டிக்குள் இறங்கியவரை மூச்சடக்கிக் கொல்லும் வாயு அது. பீப்பாயின்மேல் ஒட்டிய எச்சரிக்கையை மங்கிய வெளிச்சத்தில், ஈரத்தில், அவசரத்தில் படித்தாக வேண்டும். பீப்பாயோடு வரும் ஆங்கிலச் சீட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் தமிழ் இருந்து பயனில்லை. தடித்த, சுழி திறந்த, புள்ளி தெளிந்த தமிழ் எழுத்துக்கு இதைவிட முக்கியமான வேலை எதுவும் கிடையாது. கடைக்குப் பிரியாணி விற்றுத் தருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புள்ளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓலையில் புள்ளி வைத்தால் பொத்துக்கொள்ளும் என்று வைக்காமலே எழுதி, இடம் பார்த்துப் படித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. இன்று அந்தச் சலுகை இல்லை. உருண்டை எழுத்துருவில் புள்ளி முழு வட்டமாக, எழுத்தின் கோட்டைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். எழுத்தின் தலையிலிருந்து ஒரு விரற்கடை விலகி நிற்க வேண்டும். எல்.இ.டி. பலகையில் அந்த வட்டத்துக்குள் பெரும்பாலும் ஒரே ஒரு விளக்குத் துண்டுதான். அது அணைந்தால் 'தோல்' 'தோல' ஆகிவிடும். அதற்கு இரண்டு துண்டு வைப்பது கடைக்காரருக்குச் சில ரூபாய்க் கணக்கு.

தொழிற்சாலைக்குள் திரும்பினால் இன்னொரு கேள்வி நிற்கிறது. இந்த வட்டாரத்தில் தைத்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் ஷூக்களின் உள்ளே பதிகிற பெயர்கள் வாங்குபவருடையவை. அங்கே தமிழை எதிர்பார்க்க முடியாது. உள்ளூரில் விற்கும் செருப்பு, பெல்ட், பர்ஸ் ஆகியவற்றிலும் ஏன் அநேகமாக ஆங்கிலமே பதிகிறது? தமிழ் எழுத்து டையில் நிற்காது, சுழி அடைத்துக்கொள்ளும் என்பது பழைய பதில். மெல்லிய எழுத்துரு மட்டும் கிடைத்த காலத்தில் அது பொய்யும் அல்ல. இப்போது அந்தச் சாக்கு செல்லாது. பாலூ தம்பி அளவு தடித்த எழுத்தில் 'ஆம்பூர்' என்று ஒரு டை வெட்டிப் பெல்ட் நுனியில் அழுத்திப் பார்க்கலாம். ஆ-வின் அடிச்சுழியும் இரண்டு புள்ளிகளும் விழுந்துவிட்டால் மற்றவை தாமாக விழும்.

பலகை செய்யக் கொடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. எழுத்துரு மாதிரி காட்டச் சொன்னால் கடைக்காரர் வழக்கமாக 'தமிழ்' என்றோ 'அம்மா' என்றோ அடித்துக் காட்டுவார். எந்த எழுத்துருவிலும் அந்தச் சொற்கள் லட்சணமாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாகப் 'பேரணாம்பட்டு' என்று அடிக்கச் சொல்லுங்கள். கொம்பு இடம் மாறி நிற்கிறதா என்பது முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் குழம்புகின்றனவா, நடுவில் மூன்று சுழியும் எண்ணும்படி இருக்கிறதா, ம் தலையிலுள்ள புள்ளி ட் தலையிலுள்ள புள்ளியோடு ஒரே உயரத்தில் நிற்கிறதா, கடைசி டு தன் வளைவோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று ஒருமுறை படியுங்கள். சதுர அடிக்கு என்ன விலை என்ற பேச்சைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.